போன் பொத்தானுக்கும் மோட்டாருக்கும் நடுவில்

வாழப்பாடிப் பக்கம் ஒரு மரவள்ளிக் காடு என்று வைத்துக்கொள்வோம். வீடு ஒரு கோடியில், கிணறு மறுகோடியில். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்துபோய்த்தான் மோட்டாரைப் போட வேண்டும். வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை இருந்தால் அப்பா ஒருநாள் நிச்சயம் கேட்பார்: "ஏங்கண்ணு, இதைப் போன்லயே போட முடியாதா?"

முடியும். ஆனால் போன் மோட்டாரைப் போடுவதில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். போன் செய்வது ஒன்றே ஒன்று: ஒரு சின்னச் செய்தியை ரேடியோ வழியாக அனுப்புகிறது. "அ" என்று ஓர் எழுத்து வந்தால் போதும். அதைப் பிடித்து, அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வது கிணற்றடியில் இருக்கும், நிரல் ஏற்றிய சின்ன மின்னணு போர்டு. அந்த போர்டாலும் மோட்டாரைத் தொட முடியாது. அது ரிலே என்ற சின்ன மின்சுவிட்சைத் தட்டும், ரிலே ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கான்டாக்டர் என்ற பெரிய மின்சுவிட்சைத் தட்டும், கான்டாக்டர்தான் மோட்டாருக்கு மின்சாரம் விடும். ஆப், ரேடியோ, போர்டு, ரிலே, கான்டாக்டர், மோட்டார் என்று ஆறு கண்ணி உள்ள சங்கிலி இது. "ஆப் வேலை செய்யவில்லை" என்று புலம்புகிறவர்களில் பலருக்கு ஆப் ஒழுங்காகத்தான் இருக்கும். அறுந்தது வேறு கண்ணியாக இருக்கும். எந்தக் கண்ணி அறுந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு உதவி கேட்கவும் அதுதான் வழி.

எந்த ரேடியோ?

இதை இடம்தான் தீர்மானிக்கும், ஆசை அல்ல.

ப்ளூடூத் ஒரே அறைக்குள், முற்றத்துக்குள் நன்றாக வேலை செய்யும். பத்து மீட்டர் என்பார்கள். நடுவில் செங்கல் சுவர் வந்தால் அதுவும் குறையும். இதிலேயே இரண்டு வகை உண்டு. பழையது கிளாசிக் ப்ளூடூத். எச்சி-05 என்ற மாட்யூல் அந்த வகை. ஒரு வயர் இழுத்ததுபோல எழுத்துகளை அப்படியே கடத்தும், கற்க எளிது. புதியது பிஎல்இ (ப்ளூடூத் லோ எனர்ஜி), குறைந்த மின்சாரத்தில் ஓடும், ஆனால் சர்வீஸ், கேரக்டரிஸ்டிக் என்று சில அடுக்குகளைப் படித்தாக வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி: எச்சி-05 உங்கள் ஆப்போடு பேசாது. அந்த வகை இணைப்பை ஆப்பிள் சாதாரண ஆப்களுக்குத் திறந்துவிடவில்லை. ஐபோனுக்கு பிஎல்இ அல்லது வைஃபை மட்டும்தான். இது தெரியாமல் இரண்டு நாள் வயரை மாற்றி மாற்றிச் செருகுகிறவர்கள் உண்டு.

வைஃபை வீட்டுக்கும் பட்டறைக்கும் ஏற்றது. கொண்டலாம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடம், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை என்றால் ரௌட்டர் ஏற்கெனவே இருக்கும். கற்றுக்கொள்ள உகந்த போர்டான ஈஎஸ்பி32 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும், 5 கிகாஹெர்ட்ஸில் சேராது. போனின் ஹாட்ஸ்பாட்டில் சேர்க்கப் பார்த்துச் சேரவில்லையென்றால் ஹாட்ஸ்பாட் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஏற்காட்டில் நிலைமை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காபித் தோட்டத்துச் சரிவில், டவர் சிக்னல் ஒரு வளைவில் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. நிழல் மரங்களின் ஈர இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சும். வெயில் நாளில் எட்டிய இடத்துக்கு மூடுபனி நாளில் எட்டாமல் போகலாம். இப்படிப்பட்ட இடத்தில் இணையத்தை நம்பாமல் ஈஎஸ்பி32 போர்டையே ஒரு வைஃபை மையமாக நிறுத்தலாம். போன் நேராக அதில் சேர்ந்து 192.168.4.1 என்ற முகவரியைத் திறந்தால் போதும். ஒரு சிக்கல் மட்டும் வரும்: "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று ஆண்ட்ராய்டு தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுத் திறந்தால் திறக்கும். சில நூறு மீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் லோரா என்ற நெடுந்தூர ரேடியோ முறை இருக்கிறது. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை அதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அது இரண்டாம் வருடப் பாடம்.

நாம் தொடங்கிய கிணற்றுக்கு? அங்கே சிம் கார்டுதான் வழி. சிம்800எல் என்ற மாட்யூல் மலிவு, ஆனால் அது 2ஜி மட்டுமே பேசும். ஜியோவில் 2ஜி கிடையாது, ஆகவே ஜியோ சிம் அதில் சேரவே சேராது. 4ஜி பேசும் ஏ7670சி போன்ற மாட்யூலை வாங்குவது புத்திசாலித்தனம். சிம்800எல் மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வரை வேண்டும், அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். போர்டின் 5 வோல்ட் பின்னில் (வயர் மாட்டும் முனையில்) நேராகச் செருகினால் கெட்டுப்போகும்; 3.3 வோல்ட் பின்னில் செருகினால் நெட்வொர்க் தேடித் தேடி அணைந்து அணைந்து எரியும்.

மோட்டாரைப் போட்டு நிறுத்துவது மட்டுமே தேவை என்றால் சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர்கள் கடையிலேயே கிடைக்கின்றன. அதை வாங்கி மாட்டுவதே சரி. இதையே நீங்களே செய்து கற்க வேண்டும், அல்லது கடையில் கிடைக்காத ஒன்றைச் செய்ய வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

முதல் சோதனை மேசைமேல்

கிணற்றடியில் தொடங்கக் கூடாது. 230 வோல்ட் பக்கமே போகாமல் ஓர் எல்இடியை எரிய வைப்பதுதான் முதல் வேலை. தேவையானவை: ஒரு ஈஎஸ்பி32 டெவ்கிட் போர்டு, பற்றவைக்காமல் வயர் செருகும் ஒரு பிரெட்போர்டு, ஒரு சிவப்பு எல்இடி, ஒரு 220 ஓம் ரெசிஸ்டர், நாலு ஜம்பர் வயர், டேட்டா போகிற ஒரு யூஎஸ்பி கேபிள். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். சார்ஜ் மட்டும் ஆகிற கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும். அதைச் செருகினால் போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்கோ போர்டு தெரியவே தெரியாது. வாங்கும்போது வெறும் ஈஎஸ்பி32 என்று கேட்டு வாங்குங்கள். எஸ்3, சி3 என்று பெயர் நீளும் வகைகளில் கிளாசிக் ப்ளூடூத் இல்லை. எஸ்2 வகையில் ப்ளூடூத்தே இல்லை.

23ஆம் எண் பின்னிலிருந்து ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளக் கால், குட்டைக் கால் கிரவுண்டுக்கு. எந்தப் பின் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளே வாங்க மட்டுமே, வெளியே அனுப்பாது. 6 முதல் 11 வரை போர்டின் சொந்த நினைவகத்துக்கு. 0, 2, 12 ஆகியவை போர்டு கண் திறக்கும்போது பார்க்கிற பின்கள். அவற்றில் எதையாவது மாட்டினால் சில நேரம் போர்டு எழுந்திருக்காது.

ஆர்டுயினோ மென்பொருளில் ப்ளூடூத்சீரியல் நூலகத்தோடு வரும் மாதிரி நிரலைத் திறந்து, வந்த எழுத்து ஆங்கிலப் பெரிய "ஏ" (A) என்றால் பின்னை மேலேற்று, "பி" என்றால் கீழிறக்கு என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். ஏற்றும்போது "கனெக்டிங்" என்று புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருந்தால் போர்டிலுள்ள பூட் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஏறத் தொடங்கியதும் விடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு பழக்கம். சொந்த ஆப்பை இன்னும் தொடாதீர்கள். பிளே ஸ்டோரில் "சீரியல் ப்ளூடூத் டெர்மினல்" என்ற இலவச ஆப் இருக்கிறது. போன் செட்டிங்ஸில் போர்டை ஜோடி சேர்த்துவிட்டு, அந்த ஆப்பில் எழுத்தை அனுப்பிப் பாருங்கள். எல்இடி எரிந்தால் ரேடியோவும் போர்டும் நிரலும் சரி என்று உறுதியாகிவிட்டது. அதன்பிறகு உங்கள் ஆப்பில் எரியவில்லையென்றால் குறை உங்கள் ஆப்பில்தான், வேறெங்கும் தேட வேண்டாம். பிஎல்இ வகைக்கு இதே வேலையைச் செய்வது "என்ஆர்எஃப் கனெக்ட்" என்ற ஆப்.

ஆப் எழுதுவது

முதல் ஆப்புக்கு எம்ஐடி ஆப் இன்வென்டர் நல்லது. கூகுளில் 2010இல் வெளிவந்து பிறகு எம்ஐடி பல்கலைக்கழகத்துக்குப் போன கருவி அது. பிரவுசரிலேயே கட்டைகளை அடுக்கி ஆப் செய்யலாம், பணம் வேண்டாம். ஒரு லிஸ்ட்பிக்கர், இரண்டு பொத்தான், ஒரு லேபிள், ப்ளூடூத்கிளையன்ட், ஒரு கடிகாரம் ஆகியவற்றை இழுத்துப் போடுங்கள். லிஸ்ட்பிக்கர் திறப்பதற்கு முன் ஜோடி சேர்ந்த கருவிகளின் பட்டியலை அதற்குக் கொடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த பின் அந்த முகவரியோடு இணையச் சொல்ல வேண்டும். பொத்தான்களில் "சென்ட்டெக்ஸ்ட்" கட்டையை மாட்டினால் ஆயிற்று.

இங்கே வழுக்குகிற இடங்கள் மூன்று.

முதலாவது அனுமதி. ஆண்ட்ராய்டு 12 முதல் ப்ளூடூத் பயன்படுத்தும் ஆப், "அருகிலுள்ள சாதனங்கள்" என்ற அனுமதியைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கு முந்தைய பதிப்புகளில் புதிய கருவியைத் தேடவே இருப்பிட அனுமதி கேட்கும். நண்பரின் பழைய போனில் ஓடுகிற ஆப் உங்கள் புதுப் போனில் பட்டியலைக்கூடக் காட்டவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது எழுத்தும் எண்ணும். "1" என்று எழுத்தாக அனுப்பினால் போர்டுக்குப் போய்ச் சேரும் மதிப்பு 49. 1 என்று பைட்டாக அனுப்பினால் சேர்வது 1. போர்டு ஒன்றை எதிர்பார்த்து ஆப் மற்றதை அனுப்பினால் இரண்டு பக்கமும் பிழையே காட்டாது, விளக்கும் எரியாது. கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறிகளும் இப்படித்தான்: டெர்மினல் ஆப் எழுத்துக்குப் பின்னால் 13, 10 என்று இரண்டு குறியைச் சேர்த்தே அனுப்பும். முழுச் சொல்லை ஒப்பிடும் நிரல் அதனால் "ஆன்" என்பதை "ஆன்" இல்லை என்று சொல்லும். வந்த ஒவ்வொரு பைட்டையும் எண்ணாகவே ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் மானிட்டர் திரையில் அச்சிட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

மூன்றாவது, பலரும் நினைத்தே பார்க்காதது. பொத்தானை அழுத்தியதும் திரையில் "மோட்டார் ஓடுகிறது" என்று ஆப் எழுதக் கூடாது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது நடந்ததா என்று ஆப்புக்குத் தெரியாது. போர்டு வேலையை முடித்துவிட்டு ஒரு பதில் எழுத்தை அனுப்பட்டும். அது வந்தபின் திரை மாறட்டும். கடிகாரக் கட்டையை இங்கே பயன்படுத்துங்கள்: அரை நொடிக்கு ஒருமுறை ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு நொடியில் பதில் வரவில்லையென்றால் "பதில் இல்லை" என்று உண்மையைக் காட்டும். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் காய்கிறதா என்பது அந்த ஒரு வரியை நம்பித்தான் இருக்கிறது.

பிறகு கோட்லின், ஃப்ளட்டர் போன்ற ஆப் எழுதும் கருவிகளுக்கு முன்னேறுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: இணைப்பது, வாசிப்பது எல்லாம் திரையை வரைகிற திரெட்டில் (நிரலின் ஓட்டத்தில்) நடக்கக் கூடாது. நடந்தால் "ஆப் பதிலளிக்கவில்லை" என்று போன் சொல்லிவிடும்.

ரிலே, ஸ்டார்ட்டர்

எல்இடி எரிந்தபின் அதே பின்னில் 5 வோல்ட் ரிலே மாட்யூல். ரிலேயின் காயில் (உள்ளிருக்கும் கம்பிச்சுருள்) ஏறக்குறைய 70 மில்லிஆம்பியர் இழுக்கும். போர்டின் பின் அவ்வளவு தராது. மாட்யூலில் உள்ள டிரான்சிஸ்டர்தான் அந்தச் சுமையைத் தாங்குகிறது, ஆகவே வெறும் ரிலேயை வாங்கி நேராகப் பின்னில் மாட்டாதீர்கள். எந்த சிக்னலில் தட்ட வேண்டும் என்பதை ஹை, லோ என்று மாற்றும் ஜம்பர் உள்ள மாட்யூலாக, 3.3 வோல்ட்டில் தட்டுவதாகப் பார்த்து வாங்கி, ஹை பக்கம் வையுங்கள். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டால், மின்சாரம் போய் வரும்போது ரிலே தானாக "டக்" என்று தட்டாது. கிராமத்து மின்சாரத்தில் இது சின்ன விஷயமே அல்ல.

ரிலேயின் மேல் 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு எச்பி மோட்டார் 746 வாட்தானே, தாங்குமே என்று கணக்குப் போடுவார்கள். மோட்டார் எழும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் ஆப்பில் எத்தனை முறை நிறுத்தினாலும் மோட்டார் நிற்காது. மோட்டார் கரண்ட் ஸ்டார்ட்டர் வழியாகத்தான் போக வேண்டும். ரிலே செய்ய வேண்டியது ஸ்டார்ட்டரின் பொத்தானை உங்கள் விரலுக்குப் பதிலாக அழுத்துவது மட்டும்.

அதற்கு இரண்டு ரிலே. ஒன்று பச்சைப் பொத்தானுக்கு இணையாக, ரிலேயின் என்ஓ (சும்மா இருக்கும்போது திறந்திருக்கும்) முனையில்; ஒரு நொடி மூடித் திறந்தால் போதும், பிறகு கான்டாக்டர் தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று சிவப்புப் பொத்தானோடு தொடராக, ரிலேயின் என்சி (சும்மா இருக்கும்போது மூடியிருக்கும்) முனையில். ஒரு நொடி திறந்தால் மோட்டார் நிற்கும். இப்படிச் செய்தால் போர்டு செத்துக் கிடந்தாலும் கையால் போடலாம், நிறுத்தலாம். அதிகக் கரண்ட் போனால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் பழையபடி காவல் காக்கும்.

ஓர் எச்சரிக்கை. பல மும்முனை ஸ்டார்ட்டர்களில் கான்டாக்டரின் காயில் இரண்டு பேஸுக்கு நடுவே 415 வோல்ட்டில் ஓடும். 250 வோல்ட் ரிலேயை அதில் மாட்டக் கூடாது. காயிலின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்; 415 என்றிருந்தால் 230 வோல்ட் காயில் மாற்றவோ, நடுவில் தகுந்த ரிலே போடவோ வயர்மேனிடம் சொல்லுங்கள். பெட்டியைத் திறப்பதற்கு முன் மெயினை இறக்கிவிட்டு டெஸ்டரில் பார்த்தாக வேண்டும், எவ்வளவு அவசரமானாலும்.

மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்பதைப் போர்டுக்குச் சொல்ல, கான்டாக்டரில் சும்மா இருக்கும் துணை முனை ஒன்றிலிருந்து இரண்டு வயரைப் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். வேறு எந்த மின்சாரமும் அந்த முனையில் இருக்கக் கூடாது. "இரண்டு மணி நேரம் ஓடி நில்" என்ற கணக்கும் போர்டிலேயே இருக்கட்டும், போனில் அல்ல. போன் சார்ஜ் தீரும், பாக்கெட்டில் தூங்கும், பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுத்தும்.

இணையம் வழியாகப் போகிறவர்கள் எம்க்யூடிடி என்ற, செய்தி அனுப்பும் முறையைச் சந்திப்பீர்கள். எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999இல் உருவானது அது. கிணற்று மோட்டாருக்கும் பொருந்தும். ஆனால் பழகுவதற்கென்று திறந்து வைத்த பொதுச் சர்வரில் உங்கள் மோட்டாரை விட்டுவைக்காதீர்கள். செய்தி போகும் முகவரி போன்ற உங்கள் தலைப்பின் (டாபிக்) பெயரை ஊகித்த எவரும் அதைப் போட முடியும். பயனர்பெயர், கடவுச்சொல், 8883 போர்ட்டில் மறையாக்கம், இந்த மூன்றும் இருந்தால் மட்டுமே காட்டுக்குக் கொண்டுபோங்கள். எச்சி-05 மாட்யூலின் 1234 என்ற கடவு எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

உதவி கேட்பது

சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தெரிந்தவர் வேறு. ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர், காயில் என்றால் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறைக்காரருக்குத் தெரிந்த அளவு எந்த இன்ஜினியரிங் மாணவருக்கும் தெரியாது. அவரிடம் ப்ளூடூத் பற்றிக் கேட்பது வீண். போர்டும் ரிலேயும் என்றால் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ பக்கத்துப் பாலிடெக்னிக்கிலோ எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள் சொல்வார்கள். ஆப் என்றால் நிரல் எழுதுகிறவர். யாரிடம் போவது என்று தெரிவதற்காகத்தான் கண்ணியைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம்.

"சார், ஆப் ஒர்க் ஆகல, ஹெல்ப் பண்ணுங்க" என்று கேட்டால் நல்லவர்கள்கூடப் பதில் எழுத முடியாது. போர்டின் முழுப்பெயர், போன் மாடலும் ஆண்ட்ராய்டு பதிப்பும், எந்தப் பின்னிலிருந்து எங்கே வயர் போகிறது, மின்சாரம் எதிலிருந்து வருகிறது, நிரல் முழுதாக, பிழைச் செய்தி வந்தபடியே. திரையைப் போட்டோ எடுத்து அனுப்புவதைவிட நிரலை எழுத்தாக ஒட்டினால் படிக்கிறவர் ஓட்டிப் பார்க்க முடியும். வயரிங்குக்கு மட்டும் மேலிருந்து வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. எல்லாவற்றையும்விட முக்கியம், எதுவரை ஓடுகிறது என்பது.

இப்படி ஒரு கேள்வியைப் பாருங்கள்: "ஈஎஸ்பி32 டெவ்கிட், 30 பின். 23இல் ஒரு ரிலே, 5 வோல்ட் போர்டிலிருந்தே எடுத்திருக்கிறேன், போர்டுக்கு லேப்டாப் யூஎஸ்பி. டெர்மினல் ஆப்பில் ஏ அனுப்பினால் மானிட்டரில் 65 வருகிறது, ரிலே தட்டுகிறது. ரிலேயோடு 230 வோல்ட் கான்டாக்டர் காயிலை மாட்டினால் மட்டும், நிறுத்தும்போது போர்டு ரீசெட் ஆகிறது. சில நேரம் பிரவுன்அவுட் (வோல்ட்டேஜ் இறங்கிவிட்டது) என்று வருகிறது."

இதைக் கேட்டவருக்கு ஆப்பையோ நிரலையோ யாரும் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. பதில் சில வரிதான். காயிலை அணைக்கும்போது எழும் திடீர் வோல்ட்டேஜ் எகிறல் போர்டை உலுக்குகிறது. காயிலின் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக உள்ள, 230 வோல்ட் ஏசிக்கென்றே செய்த ஸ்னப்பர் (அந்த எகிறலை அடக்கும் சுற்று) ஒன்று போடுங்கள். ரிலேக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுங்கள். 230 வோல்ட் வயரையும் போர்டின் சிக்னல் வயரையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் பிரித்துத் தள்ளி இழுங்கள். ஏற்காடு போல ஈரமான இடமானால் இவை எல்லாவற்றையும் தூசி, நீர் புகாத ஐபி65 பெட்டிக்குள் வைத்து, வயர் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கமாக வையுங்கள். வயர் வழியே வழியும் நீர் உள்ளே போகாது.